இரண்டாவது பார்

இடது கை சைக்கிள் பிரேமைத் தாங்கிப் பிடித்திருக்க, வலது கை மூங்கில் சீவலால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தது. காய்ந்து கல்லாகிப்போன ஏரிச் சேறு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒவ்வொரு மூட்டின் மேலும் சுற்றி, ஊறிய பிறகு எடுத்து, சீவலை நுழைத்து, பெயர்ந்ததை ஊதிவிட்டு, மறுபடியும் துணி. இரும்புச் சுரண்டி என்றால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது துருவோடு சேர்த்துப் பெயிண்டையும், அதற்குக் கீழே இருக்கும் பழைய பெயிண்டையும் கொண்டுபோய்விடும். பழைய சைக்கிளின் வயது அந்தக் கீழ்ப் பெயிண்டில்தான் இருக்கிறது.

ஹேண்டிலுக்குக் கீழே இருந்த பெயர்த் தகட்டை ஒரு கந்தல் மூடியிருந்தது. பெயரை முதலில் பார்த்துவிட்டால் அதற்கு ஒத்து ஊதுவதற்கென்றே விரல் காரணம் தேட ஆரம்பித்துவிடும். தகடு எந்தக் கடையிலும் கிடைக்கும். மூட்டு அப்படிக் கிடைக்காது. எனவே வேலை அடியிலிருந்து மேலே போனது: முதலில் பெடல் அச்சு ஓடும் கூடு, பிறகு பின்சக்கரக் கவை, சீட்டுக் குழாய். கடைசியில்தான் தலை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் பேர்சொல்லி என்று கூப்பிட்டார்கள். எப்படிச் சிதைந்த சைக்கிளைக் கொண்டுவந்து போட்டாலும், இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்று பேரைச் சொல்லிவிடுவார். அவருக்குப் பிள்ளை இல்லை. "பேர் சொல்லப் பிள்ளை இல்லாதவர் சைக்கிளுக்குப் பேர் சொல்றார்" என்று எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் அடித்த கிண்டல், நாளடைவில் கிண்டல் போய்ப் பேராகவே நின்றுவிட்டது. அவர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டது அவர் மனைவி. தையல்காரரிடம் அதன் பிறகு ஒரு பொத்தான் தைக்கக்கூட அவள் துணி கொடுத்ததில்லை.

யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பஞ்சர் ஒட்டும் வேலைக்கு வந்தவர், பழைய இரும்புக்குப் போகும் பிரேம்களை வாங்கி அறுத்து, மூட்டுக்குள்ளே பித்தளை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரே கம்பெனி ஒரு காலத்தில் மூட்டின் விளிம்பைக் கூராக விட்டிருக்கும், பிறகு மழுக்கியிருக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்தே விரலுக்கு வந்த படிப்பு. அதனால் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் விளையவில்லை. அவர் சொல்லும் பேர் பெரும்பாலும் யாருக்கும் பிடித்ததாக இருப்பதில்லை. செத்துப்போன அப்பாவின் வண்டி என்று ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்ததை, "முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேற வண்டிங்க" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அன்றைக்கு மனைவி கேட்டாள்: "ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா உங்களுக்கு? அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்தீங்களா?"

அவர் பார்த்திருந்தார். பார்த்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்தச் சைக்கிளைக் காலையில் ஒரு வாடகைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கரையைப் பலப்படுத்த ஏரியை வடித்தபோது சேற்றுக்குள் கிடைத்ததாம். வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"அண்ணே, நீங்க பேர்கூடச் சொல்ல வேணாம்" என்றாள் தாய், வண்டியை இறக்குவதற்கு முன்பே. "இது எங்க வண்டி இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போலீஸ் ஸ்டேஷன்ல இதை எங்க தலையில கட்டி, அவரு செத்துட்டாருன்னு எழுதி மூடப் பாக்கறாங்க. விவரம் தெரிஞ்சவர் யாராவது சொன்னா ஒத்துக்கறோம்னு சொல்லித்தான் குடுத்து விட்டாங்க."

அவள் புருஷன் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு மழை நாள் விடிகாலையில் இதேபோல் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர், பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. வந்தால் இந்த விலாசத்துக்குத்தானே வருவார் என்று அவள் வீடு மாறாமல் இருந்தாள். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, இரண்டு முறை அதை வேண்டாம் என்று எழுதிப் போட வேண்டியிருந்தது.

"எங்களுது டபுள் பாருண்ணே. மேல ஒரு பார், அதுக்குக் கீழ ஒரு பார். இது ஒத்தைப் பார், பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்க அப்பா ஓட்டின வண்டி அது. இவருகிட்டக் குடுக்கும்போது, 'என் பொண்ணு மேல கீறல் விழுந்தாக்கூடப் பொறுத்துக்குவேன் மாப்பிள்ளை, வண்டியில விழுந்தா பொறுக்க மாட்டேன்'னு சொல்லித்தான் குடுத்தாரு."

பேர்சொல்லிக்குச் சிரிப்பு வந்தது. "மாப்பிள்ளை என்ன சொன்னாராம்?"

"ரெண்டுக்கும் எண்ணெய் போட்டு வெச்சுக்கறேன் மாமான்னாரு. வாய் அப்படி!" என்று அவளும் சிரித்தாள். மேசையில் கிடந்த அரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "அவரும் அரம் புடிச்ச கைதான். எங்க வீட்ல தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எதைத் தொட்டாலும் பிசிறு இருக்காது. முனையை உருட்டிட்டு, உள்பக்கமா ஒரு சாய்ப்புப் போடுவாரு. தெரியாம இடிச்சாலும் யாருக்கும் கிழிக்கக் கூடாதாம்."

"உள்ள போய் உக்காரும்மா. என் வீட்டுக்காரி டீ போடுவா. ஊறி வர நேரமாகும்" என்றார்.

தாய் உள்ளே போனாள். மகள் போகவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக் குழாயின் சேறு பெயர்ந்தபோதே அவருக்கு ஒன்று உறுத்தியது. குழாய் நீளம். இவ்வளவு உயரமான பிரேமில் இந்த மூட்டு வைத்த கம்பெனி ஒன்றுதான். கந்தலை விலக்கிப் பார்த்தார். தகட்டில் பாதி துரு தின்ற நங்கூரம். நங்கூரம் மார்க்கேதான். இந்த உயரத்தில் அவர்கள் ஒற்றைப் பார் போட்டதே கிடையாது.

கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குழாயில் கட்டை விரலை மேலிருந்து கீழே இழுத்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மேட்டுக்கும் சமதளத்துக்கும் நடுவில், காசு அகலத்துக்கு ஒரு வட்டம். அதற்கு நேர் எதிரே தலைக் குழாயிலும் ஒன்று. ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட். சுற்றியிருந்த பெயிண்ட் பழசு. இந்த இரண்டு வட்டத்தின் மேல் இருந்தது மட்டும் புதுசாக அடிக்கப்பட்டு, அதிகம் வெயில் பார்க்காமல் தண்ணீருக்குள் போயிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது மகள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்காகத்தான் எங்க அப்பா வெட்டினாரு." குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு சீட்டு எட்டாது. காலை நடுவுல விட்டு அரைப்பெடல் போடலாம்னா அந்த ரெண்டாவது பார் இடுப்புல இடிக்கும். ஒருநாள் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போய் அறுத்துட்டாரு. அம்மாகிட்டச் சொல்லாதே, தாத்தா கொன்னுடுவாருன்னாரு. அன்னைக்குப் பட்டறை வாசல்லயே ஓட்டினேன். இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வந்தோம். அம்மா வண்டியைப் பார்க்கல. விடிஞ்சா அவரு இல்ல."

உள்ளே தாய் ஏதோ சொல்ல, அவர் மனைவி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

"அந்த பாரை வெட்டினதாலதான் வண்டி உடைஞ்சு விழுந்துட்டாருன்னு..."

அவர் அவள் விரலைப் பிடித்து, தலை மூட்டுக்குப் பின்னால் குழாயின் அடியில் வைத்தார். "பிரேம் பலவீனமா இருந்தா இங்கதான் மடியும். சுருக்கம் தட்டுப்படுதா பாரு."

"இல்ல."

"இங்க ஒண்ணுமே ஆகல. முன்சக்கரத்தைத் தாங்கற போர்க்தான் உள்ள மடிஞ்சிருக்கு. எதுவோ எதிர்ல மோதியிருக்கு. ரெண்டு பார் இருந்திருந்தாலும் இதேதான்."

"எது மோதிச்சு?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு, "வேற மாடல்னு சொல்லிடுங்க மாமா" என்றாள். "அம்மா இந்த ஒத்தைப் பாரைத்தான் உசுரா புடிச்சிட்டிருக்கு."

"அப்புறம் நீ?"

"நான் இப்படியே இருந்துக்கறேன்."

பேர்சொல்லி எழுந்தார். அலமாரியிலிருந்து பட்டி டப்பாவை எடுத்தார். இரண்டு வட்டத்தையும் பட்டி பூசி மூடிவிட்டு ஒரு கோட் கறுப்பு அடித்தால், பிறகு ஸ்டேஷனில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பானர் முனையால் மூடியை நெம்பித் திறந்தார். விரலில் பட்டியை எடுத்தும் விட்டார். விரல் அந்த வட்டத்துக்கு மேலே போய் நின்றது. கண்டுபிடிப்பதைத் தவிர வேறு எதுவும் பழகாத விரல்.

"என்னண்ணே, முடிஞ்சுதா?" தாய் டீ டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். "இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம்."

அவர் விரலைக் கந்தலில் துடைத்தார். "இது டபுள் பார் மாடல்மா" என்றார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விளையாடாதீங்க. ஒண்ணுதானே இருக்கு?"

"இன்னொண்ணை அறுத்து எடுத்திருக்கு."

தாய் சைக்கிளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒரு வெளிச்சம் வந்தது.

"திருட்டுப் பயலுங்க! அடையாளம் தெரியக் கூடாதுன்னு அறுத்திருக்கானுங்க. அப்போ வண்டி திருட்டுப் போயிருக்கு. எங்க அப்பா முகத்துல எப்படி முழிக்கறதுன்னு இவரு வீட்டுக்கு வராம எங்கயோ போய்... பைத்தியக்கார மனுஷன்! எங்க அப்பாவே செத்து எவ்வளவு நாளாச்சு! ஏண்டி, கேட்டியா? உங்க அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சா..." டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வந்து குனிந்தாள். "எங்கண்ணே அறுத்தானுங்க? காட்டுங்க."

அவர் காட்டவில்லை. அவளே தேடிக்கொண்டாள். சீட்டுக் குழாயில் அவள் விரல் இறங்கி வந்து அதே இடத்தில் நின்றது. வட்டத்தைச் சுற்றி ஒருமுறை போயிற்று. பிறகு அதன் உள்பக்க விளிம்புக்குப் போய், அங்கிருந்த சாய்ப்பின் மேல் படுத்துக்கொண்டது.

தெருவில் யாரோ மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"திருடன் இவ்வளவு பொறுமையாவா அரம் போடுவான்?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"எனக்கு இடுப்புல கிழிக்கக் கூடாதுன்னு போட்டாரும்மா" என்றாள் மகள்.

தாய் விரலை எடுக்கவில்லை. அழவும் இல்லை. பேர்சொல்லியின் மனைவி உள்ளேயிருந்து வந்து தாயின் பக்கத்தில் நின்றுகொண்டாள். டம்ளரில் டீ ஆடை கட்டியது.

"ஸ்டேஷன்ல நானே சொல்லிக்கறேன்" என்று கடைசியில் தாய் நிமிர்ந்தாள். முந்தானையால் பாரின் மேலிருந்த ஈரத்தைத் துடைத்தாள். "வண்டியைக் குடுங்க."

அவர் சைக்கிளை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். "முன்சக்கரம் சுத்தாதும்மா. போர்க் மடிஞ்சிருக்கு. முன்னால தூக்கிப் புடிச்சுத்தான் தள்ளணும்" என்று சொல்லி, ஹேண்டிலை அவள் இரண்டு கையிலும் வைத்தார். அவள் பிடி இறுகும்வரை தன் பிடியை விடாமல் இருந்து, பிறகு விட்டார்.