இரைச்சலுக்குள் ஏழு எண்கள்

ஐந்து வயதில் அம்மை போட்டு எனக்குப் பார்வை போனது. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு வெளி லைன்கள், நாற்பது உள் லைன்கள். எந்த டாக்டர் எந்த வார்டில் இருப்பார், எந்த நர்ஸ் எத்தனை மணி அடித்தால் எடுப்பார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது.

மழைக்காலத்தில் லைன்கள் எல்லாம் கரகரக்கும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து ஒருவர் பேசினால், அவர் பேச்சோடு கொடைக்கானல் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தமும் சேர்ந்துதான் வரும். பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அழுதுகொண்டே, "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு எந்த வார்டுங்க?" என்று கேட்பார். இந்தச் சத்தங்களுக்குள் அவர்கள் சொல்லும் எண்ணைப் பிடித்து எழுதிவைக்க வேண்டும், திரும்பக் கூப்பிடுவதற்காக; நான் பிரெய்லில் குத்திவைப்பேன். ஆறா ஏழா, ரெண்டா பன்னிரண்டா என்று மற்ற ஆபரேட்டர்கள் திணறும்போது என்னிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை கேட்டால் எனக்குப் போதும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அப்பா அம்மா இருவரும் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பள்ளி ஆசிரியர். மதினி வீட்டைப் பார்த்துக்கொண்டார். என் அக்கா பதினெட்டு வயதிலேயே கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டவர். அப்போது ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் பள்ளியில் இருந்தார். அக்காவின் கடிதங்களை மதினிதான் எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் சொல்லச் சொல்ல மதினிதான் பதில் எழுதுவார். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்து, "ம், சொல்லு" என்பார். நான் நலம், வேலை நன்றாகப் போகிறது, உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வேன். பத்து வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் கை வழியாகப் போகும் கடிதத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

சொல்ல வேண்டியது ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது. மருத்துவமனையில் ஓர் எலெக்ட்ரீஷியன் இருந்தார். சேவுகம்பட்டியில் விவசாயக் குடும்பம். தங்கைகளுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்து முடிப்பதற்குள் அவருக்கு நாற்பது ஆகிவிட்டது. என் டெலிபோன் போர்டு ரிப்பேரானால் அவர்தான் வருவார். முதலில் வயர்களைப் பற்றிப் பேசினோம். பிறகு மழையைப் பற்றி, அவர் அம்மாவின் முட்டி வலியைப் பற்றி. ரிப்பேர் ஆகாத நாட்களிலும் வர ஆரம்பித்தார். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்து நின்றுகொண்டே கேட்டார்.

"நான் ஒண்ணு கேக்குறேன். பிடிக்கலைன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்ருங்க. நாம கல்யாணம் பண்ணிக்கிறலாமா?"

"செத்த நேரம் குடுங்க" என்றேன். அந்தச் செத்த நேரம் நான்கு மாதமானது.

அவர் இந்து, நாங்கள் கத்தோலிக்கர். அதைவிட, எனக்குக் கல்யாணம் என்று ஒன்று உண்டு என்பதையே வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்காவிடம் மட்டும்தான் கேட்க முடியும். ஆனால் அதை மதினியிடம் சொல்லி எழுத வைப்பது எப்படி?

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கடிதத்தில் ஒரு வரி வந்தது. மடத்தில் இப்போது இன்டர்நெட் இருக்கிறது, ஈமெயில் போட்டால் அன்றைக்கே கிடைத்துவிடும் என்று எழுதி, தன் முகவரியையும் கொடுத்திருந்தார். அண்ணன் பள்ளி வேலைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைப்பும் எடுத்திருந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பற்றி மதுரையில் ஒரு பயிற்சியில் படித்திருந்தேன். அதன் இலவசப் பதிப்பைப் போட்டுக்கொண்டேன். அது நாற்பது நிமிடம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம்.

எனக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த மதியம் அண்ணன் பள்ளியில், மதினி அடுப்படியில். ஈமெயில் கணக்கு தொடங்க உட்கார்ந்தேன். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் மென்பொருளின் வெளிநாட்டு ஆண் குரல் 'படம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. என்ன படம் என்று அதற்குத் தெரியவில்லை. நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய, படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டுங்கள் என்று கீழே ஒரு வரி. பார்க்க முடியாதவர்கள் கேட்டுத் தட்டலாம் என்று பக்கத்தில் ஓர் இணைப்பு.

கேட்பதுதானே நம் தொழில் என்று அழுத்தினேன்.

கல்யாண மண்டபத்துக் கதவைத் திறந்தது போல இரைச்சல் வந்தது. பல பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆனால் அது எந்த மொழியும் இல்லை. பேச்சைத் தலைகீழாக ஓட விட்டிருந்தார்கள். அதற்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னான். பிறகு ஒரு பெண். பிறகு ஒரு குழந்தை மாதிரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு. எல்லாம் அமெரிக்க உச்சரிப்பு. மொத்தம் ஏழு எண்கள் என்று மட்டும் புரிந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நான் ஓர் எண்ணைத் தட்டினால் என் மென்பொருள் அதை உடனே உரக்கச் சொல்லும். அது சொல்லி முடிப்பதற்குள் இரைச்சலில் அடுத்த எண் போய்விடும். அதனால் ஏழையும் மனப்பாடம் செய்து, முடிந்த பிறகு தட்டினேன். தவறு என்றது. மறுபடி கேட்டால் புது எண்கள், புது இரைச்சல். மறுபடியும் தவறு. எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, நாற்பது நிமிடம் முடிந்து குரல் நின்றுபோனது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதில் நிரப்பியது எல்லாம் அழிந்தது.

அடுத்த வாரமும் இதே கதை. அதற்கடுத்த வாரம், உதவிக்கு எழுதுங்கள் என்ற இணைப்பைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். பதில் அனுப்ப உங்கள் ஈமெயில் முகவரியைக் கொடுங்கள் என்று கேட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அழுகை வந்தது.

குப்பைக் கடிதம் அனுப்புவதற்காக ஆயிரக்கணக்கில் கணக்கு தொடங்கும் கம்ப்யூட்டர் நிரல்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வாசித்துச் சொல்வதும் ஒரு மெஷின்தான். அதற்குப் புரியாததெல்லாம் எனக்கும் அடைபட்டது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துக் கையில் சில்லறை வைத்தவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே பாவம் என்றவர்கள் உண்டு. மெஷின் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த மூன்றாவது வாரம், அழுது முடித்து மறுபடி அந்த இணைப்பை அழுத்தியபோது, ஹெட்ஃபோன் வயர் கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த இரைச்சல் ஸ்பீக்கர் வழியாக வீடெல்லாம் கேட்டிருக்கிறது. மதினி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"என்னத்தா இது, பேய் ஓட்டுற மாதிரி சத்தம்?"

மறைக்க வழியில்லை. ஈமெயில் கணக்கு தொடங்குகிறேன், இந்த எண்களைக் கேட்டுத் தட்ட வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஹெட்ஃபோனைச் செருகி, ஒரு பக்கத்தைத் தன் காதிலும் மறுபக்கத்தை என் காதிலும் வைத்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்தார். வெங்காய வாசம் வந்தது.

"நாலு... இல்ல, இல்ல, அஞ்சு. ஏய், இந்தப் பொம்பள என்ன சொல்றா?"

"எனக்கும் தெரியல மதினி."

"நமக்கு நல்லாத்தானே காது கேக்குது! இம்புட்டுச் சத்தத்துல எந்த மனுசனுக்குக் கேக்கும்?"

அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரமாக, என் காதும் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி பத்தாவது வரை படித்தவர். படத்தில் உள்ள எழுத்துகளை வாசிக்கிறேன் என்றார். "குடிச்சுட்டு நிக்கிறவன் மாதிரி ஒவ்வொண்ணும் சாஞ்சு கிடக்குது" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் தடவை தவறு. இரண்டாவது தடவை, "அது 'ஓ' இல்ல, 'க்யூ', வால் இருக்கு பாரு" என்று தன்னையே திருத்திக்கொண்டு சொன்னார். கணக்கு திறந்து, கடவுச்சொல் கேட்டது.

"சரி, கடவுச்சொல்லு என்னமோ போடணுமாமே. நீ போட்டுக்க. நான் அங்கிட்டுப் போறேன், குழம்பு அடிப்பிடிச்சிரும்" என்று எழுந்து போய்விட்டார்.

மீதியிருந்த பதினைந்து நிமிடத்தில் அக்காவுக்கு எழுதினேன். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டினேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். இப்படி ஒருவர் இருக்கிறார், நல்லவர், கேட்டிருக்கிறார், எனக்கும் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, நீ சொல். பத்து வருடத்தில் நானாக எழுதிய முதல் கடிதம் அது.

அடுத்த வாரம் பதில் வந்திருந்தது. அந்த வெளிநாட்டுக் குரல் அக்காவின் தமிழை வாசித்த அழகை என்ன சொல்ல! 'தங்கச்சி' என்பதைத் 'தேங்காச்சை' என்றது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டேன். முதல் வரியை முடிக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டாவது வரியை இரண்டு தடவை கேட்டேன்.

'உன் மதினி இதை மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டாள்.'

மேலே தட்டினேன். நான் சொல்லி எழுதிய கடிதங்களின் அடியில் மதினி தன் பங்குக்குச் சில வரிகள் எழுதுவது வழக்கமாம். அக்காவும் அதை என்னிடம் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாராம்: 'இப்போதெல்லாம் தானாகச் சிரிக்கிறாள். ஒருவர் இருக்கிறார். விசாரித்தேன், நல்ல மனிதர். அவள் என்னிடம் சொல்லவில்லை, என்றைக்காவது உங்களிடம் சொல்வாள். சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.' அதன் கீழே அக்கா எழுதியிருந்தார்: 'நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்?'

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பத்து வருடமாக என் கடிதத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு வால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் நலம் என்று சொன்ன நாளில் கீழே என்ன எழுதினார்? அம்மா இறந்த பிறகு நான் சாப்பிடாமல் கிடந்ததையா? இரண்டு நாள் மதினியோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அடுப்படிக்குப் போய்க் கேட்டேன்.

"ஏன் மதினி அப்படிச் செஞ்சீங்க?"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"நீ எப்பப் பாத்தாலும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே சொல்லுவ. அதையே எழுதிப் போட்டா, அங்க இருக்கவங்க உன்னைய மறந்துற மாட்டாங்களா? அதான் எழுதுனேன். உன்கிட்டச் சொல்லாம எழுதுனது தப்புதான். அதுக்கு வேணா திட்டு."

"விசாரிச்சீங்களாமே?"

"ஆமா. உங்க ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டு சேவுகம்பட்டிக்கே போனேன். உங்க அண்ணன்கிட்ட வத்தலக்குண்டு சந்தைக்குப் போறேன்னு சொன்னேன். அவுக வீட்டு வாசல்ல தண்ணி கேட்டு நின்னேன். அந்தம்மா மோரு குடுத்தாங்க. முட்டி வலியோட உள்ள போயி எடுத்துட்டு வந்தாங்க. அது போதும்னு வந்துட்டேன்."

எனக்குத் திட்ட வரவில்லை. கீழே உட்கார்ந்து நானும் கீரை ஆய்ந்தேன்.

அண்ணனிடம் மதினிதான் சொன்னார். அண்ணன் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வேத்து மதம். நாளைக்கு அந்த ஆளு விட்டுட்டுப் போயிட்டா யாரு பாக்குறது?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். பிறகு ஐந்து மாதம் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எலெக்ட்ரீஷியனிடம் என் சம்மதத்தைச் சொல்லிவிட்டேன். அவரும் காத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்ததும், அவராகவே வீட்டுக்கு வந்து அண்ணனோடு முன்னறையில் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. அவர் போன பிறகு அண்ணன் மதினியிடம், "சாமியார்கிட்ட எப்பப் போகணும்?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பம். பங்குத்தந்தையின் அலுவலகத்தில் அண்ணன் அதை நிரப்ப உட்கார்ந்தார். ஆசிரியர் என்பதால் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்.

"பொறந்த தேதி?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும். நீ சொல்லு, எழுதுறேன்."

ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே வாசித்தார். ஞானஸ்நானம் வாங்கிய கோவில், அப்பா பெயர், அம்மா பெயர். அம்மா பெயரைப் பாதியில் விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறீர்களா என்பது கடைசிக் கேள்வி.

"ஆமாம்னு எழுதுங்கண்ணே."

எழுதி முடித்து, நான் சொன்னதையெல்லாம் முதல் வரியிலிருந்து எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். பிறகு என் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தார்.