பாண்டி பஜாரில் ஒரு சைக்கிள் மணி

எழும்பூரில் இறங்கும்போது சனிக்கிழமை நன்றாக விடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மணப்பாறையில் ஏறிய மூன்று பேர் நாங்கள். கையில் இரண்டு பைகளும் முறுக்கு நிரம்பிய ஒரு தகர டின்னும். பைகளை நான் எடுத்துக்கொண்டேன், டின்னைக் காதர் தோளில் ஏற்றிக்கொண்டான். அந்தோணி வெறுங்கையோடு மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். மறுநாள் ஓட வேண்டியவன் எதையும் தூக்கக் கூடாது என்று காதர் ரயிலிலேயே சட்டம் போட்டிருந்தான்.

இது 1973 தை மாதக் கடைசி. எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா உத்தியோகம், இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை. காதருக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சொந்தமாக ஒரு சைக்கிள் கடை. தம்பியை உட்கார்த்திவிட்டு வந்திருந்தான். அந்தோணிதான் பாவம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் தற்காலிக வேலை. சில மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆள் கிடைக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுவார்கள். அம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கையும் அவன் ஒருவனை நம்பி இருந்தார்கள்.

ஆனால் அவன் ஓடுவான். திருச்சியில் நடந்த பந்தயத்தில் அவன் ஓடியதைச் சென்னைக் கம்பெனிக்காரர் ஒருவர் பார்த்திருந்தார். அவர்கள் கம்பெனியில் விளையாட்டுக்காரர்களுக்கென்று தனியாக வேலை உண்டாம். "மெட்ராஸ்ல ஒரு ரேஸ் இருக்கு, அங்க வந்து ஓடு. மொத மூணு பேருக்குள்ள வந்தா வேலை நிச்சயம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெசன்ட் நகர்க் கடற்கரையில் தொடங்கி, அடையாறு, மயிலாப்பூர் வழியாகத் தியாகராய நகர் பனகல் பார்க் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். ஞாயிறு காலை பந்தயம் என்றால் சனிக்கிழமை முழுக்க நமக்குத்தானே என்று நானும் காதரும் ஒட்டிக்கொண்டோம். கபாலி கோயில், பாண்டி பஜார், கோடம்பாக்கம் ஸ்டூடியோ, கடற்கரை என்று ஒரு மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

தங்கியது மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், காதரின் அக்கா சபுரா வீட்டில். எழும்பூரிலிருந்து பஸ்ஸுக்கு ஆளுக்கு இருபத்தைந்து பைசா. அக்காவின் வீட்டுக்காரர் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் தையல்காரர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார். அக்கா முறுக்கு டின்னை வாங்கி வைத்த கையோடு, "மத்தியானத்துக்குப் பிரியாணி போட்டுரட்டுமா?" என்றாள்.

"வேணாம்க்கா. அவன் நாளைக்கு ஓடணும்" என்றான் காதர்.

"ஓடறவனுக்குத் தெம்பு வேணாமாடா?"

"ஓடி முடிக்கட்டும். அப்புறம் அண்டாவோட போடு. இன்னிக்கு அவனுக்குக் கஞ்சிதான்."

"ஏந்தம்பி, ஊர்லயும் உன்னை இப்படித்தான் படுத்தறானா?" என்று அக்கா அந்தோணியைக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கஞ்சியை வாங்கிக் குடித்தான். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவன்.

காதர் படுத்தியது உண்மைதான். அது எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊரில் திண்டுக்கல் ரோட்டில் தினமும் விடிகாலையில் அந்தோணி ஓடுவான். நானும் காதரும் பின்னால் சைக்கிளில் போவோம். இருட்டில் லாரிக்காரனுக்குத் தெரியட்டும் என்று அடிக்க ஆரம்பித்த மணி, நாளாக ஆக அவனுக்கான பாஷையாகிவிட்டது. ஒரு தடவை அடித்தால், வேகத்தைக் குறை. இரண்டு அடித்தால், இனி விடாதே, போ. மூன்று அடித்தால் போதும், நில். மூன்றாவது மணிக்கு அவன் நிற்பான், நாங்களும் இறங்குவோம், டீக்கடைக்குள் போவோம். நான்கு வருஷமாக இது நடக்கிறது. முதுகுக்குப் பின்னால் மணிச் சத்தம் இல்லாமல் அவன் ஓடிப் பழகியதே இல்லை. திருச்சியிலும் மைதானத்தைச் சுற்றி நாங்கள் சைக்கிளில் போனதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்.

ஆகவே சென்னையில் நாங்கள் முதலில் பார்த்த இடம் கபாலி கோயில் அல்ல. மாட வீதியை ஒட்டிய ஒரு வாடகை சைக்கிள் கடை. காதர் வரிசையாக ஒவ்வொரு சைக்கிளின் மணியையும் அடித்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, திருப்தி இல்லாமல் அடுத்ததற்குப் போனான். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, பிரேக்கைப் பாக்காம மணியைப் பாத்துக்கினு கீற? கச்சேரிக்கு எட்த்துக்கினு போறியா?"

"மணிதாங்க எங்களுக்கு முக்கியம்."

"ஊருக்குப் புச்சா?"

"ஆமாங்க. மணப்பாறை."

"அதானே பாத்தேன்" என்றார். அதில் என்ன பார்த்தாரோ தெரியாது. காதருக்கு ஒரு மணி பிடித்துப்போயிற்று. கொஞ்சம் கனத்த சத்தம், எங்கள் ஊர்ச் சைக்கிளுக்கு அக்காள் தங்கை முறை ஆகும். அந்தச் சைக்கிளையும் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டோம்.

அந்தோணியைப் படுக்க வைத்துவிட்டுக் கோடம்பாக்கம் போய் வந்தோம். ஸ்டூடியோ வாசலில் பெரிய கேட் இருந்தது, அதற்குக் காவலாக ஒரு கூர்க்கா நின்றார். நட்சத்திரம் என்று பார்த்தது அவரைத்தான். பாண்டி பஜாரில் காதர் மனைவிக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கினான். மறுநாள் பந்தயம் முடிகிற வழி அதுதான் என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். நிழல் மரங்களும் கடைகளுமாக நல்ல வீதி.

மாலையில் காதர் அந்தோணியைக் கேரியரில் ஏற்றிக்கொள்ள, மூவருமாகப் பெசன்ட் நகர் போனோம். எங்கே பார்த்தாலும் புதுசாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றைத் தாண்டினால் கடல். மெரினாவைப்போல் கூட்டம் இல்லை. சுண்டல் வாங்கி மணலில் உட்கார்ந்தோம்.

"ஜெயிச்சா இங்கயே இருக்கணும்ல?" என்றான் அந்தோணி.

"பின்ன? சம்பளத்தை மெட்ராஸ்ல வாங்கிக்கிட்டு மணப்பாறையில தூங்குவியா?" என்றான் காதர்.

"காலையில யாரு கூட ஓடறது?"

காதர் சுண்டலைப் பொறுக்கினான். அந்தோணிக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவன் எங்களோடு திரும்பி வர வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது. இரண்டும் மனசுக்குள் அருகருகே உட்கார்ந்திருந்தன, சண்டைகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை. அதே கடற்கரையில் நாற்பது ஐம்பது பேர் பனியனும் நம்பருமாக நின்றார்கள். நாங்கள் இரண்டு சைக்கிளையும் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். விசில் மாட்டிய ஒருவர் வந்தார்.

"சைக்கிளெல்லாம் கூட வரக்கூடாதுங்க. வந்தா உங்க ஆளை ரேஸ்லேர்ந்து எடுத்துடுவோம்."

"சார், மணி அடிக்காட்டி அவன் ஓட மாட்டான் சார்" என்றான் காதர்.

"அவர் ஓட வந்திருக்காரா, பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்காரா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காதர் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்த்து அந்த மனிதருக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும். "ரோட்டோரமா நின்னு கை தட்டுங்க, மணி அடிங்க, என்ன வேணா பண்ணுங்க. ரோட்டுல மட்டும் இறங்காதீங்க" என்றார். அந்தோணி எங்களைத் திரும்பிப் பார்த்தான். முன்னால் போய் நிற்கிறோம், ஓடு என்று நான் கையைக் காட்டினேன். விசில் ஊதிவிட்டது.

முன்னால் போவது அத்தனை சுலபமாக இல்லை. ஆற்றைத் தாண்ட அடையாறு பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. கடைசி ஓட்டக்காரர் கடக்கும்வரை போலீஸ்காரர் யாரையும் விடவில்லை. மந்தைவெளிச் சந்துகளில் புகுந்து மயிலாப்பூர்க் குளத்து முனைக்கு வந்தபோது முன்னால் ஓடினவர்கள் போய்விட்டிருந்தார்கள். சபுரா அக்கா எலுமிச்சைச் சாறு டம்ளரோடு நின்றாள். "இப்பதான்டா போனான். நீங்க எங்கடா போனீங்க?" என்றாள். பக்கத்தில் காலை நடைக்கு வந்த ஒரு மாமா, கையில் பூக்குடலையோடு நின்றார்.

"உங்க சிநேகிதரா? ஆறாவதாப் போறார். திரும்பித் திரும்பிப் பாத்துண்டே போறார். யாரையாவது தொலைச்சுட்டாரா?"

காதர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"லஸ் பக்கம் போகாதீங்கோ, ஒரே கும்பல். இப்படியே போயி ஆழ்வார்பேட்டைக்கு ஏறிடுங்கோ, அவாளுக்கு முன்னாடியே போயிடலாம்" என்று அவர் ஒரு சந்தைக் காட்டினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைத் தாண்டிப் பாண்டி பஜாருக்குள் நுழைந்தோம். கயிறு கட்டியிருந்தார்கள், சைக்கிளோடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். காதர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். ஊரில் கடையில் இருந்தாலும் கல்யாண வீட்டில் இருந்தாலும் அவன் சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். அதை எடுத்து ஹாண்டில்பாரிலிருந்து மணியைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"நீ நெட்டையா இருக்க. முன்னால போய் நில்லு. நீயே அடி."

"நீ அடிடா."

"என்னால முடியாது" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சைக்கிள் மிதித்த வேர்வை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கயிற்றோரம் போய் நின்றேன். முதலாவதாக வந்தவர் தனியாகப் போனார். வெகுநேரம் கழித்து இரண்டாவது ஆள். பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு பஸ் நீளம் தள்ளி, அந்தோணி. ஓட்டத்தில் தளர்ச்சி இல்லை. ஆனால் கழுத்து மட்டும் திரும்பித் திரும்பிப் பின்னால் போயிற்று. காலியான ரோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் வந்தது.

கட்டை விரல் மணியின் மேல் இருந்தது. அடித்தால் போய்விடுவான், அது எனக்கு நன்றாகத் தெரியும். அடிக்காவிட்டால் ஐந்தாவதாக வந்து சேருவான், சாயங்காலம் எங்களோடு ரயிலில் உட்கார்ந்து முறுக்கைக் கடிப்பான். அவன் என்னைத் தாண்டி இரண்டு எட்டு வைக்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு, ஊரில் அடிப்பதைப்போலவே அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, இரண்டு தடவை அடித்தேன்.

அவன் திரும்பவில்லை. அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. திண்டுக்கல் ரோட்டில் நான் தினம் பார்க்கிற முதுகு அது. ஜவுளிக்கடை வாசலில் நாலாவது ஆளைத் தாண்டினான். நான் இரண்டு இரண்டாக அடித்துக்கொண்டே இருந்தேன். அக்கம்பக்கத்தார் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். அதற்கு மேல் தலைகள் மறைத்துவிட்டன. எப்போது பின்தெரு வழியாக அங்கே போனானோ, பனகல் பார்க் பக்கமிருந்து ஓடிவந்த காதர் தூரத்திலிருந்தே மூன்று விரலைக் காட்டினான்.

கம்பெனிக்காரர் அந்தோணியின் முதுகில் தட்டினார். "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வந்துடு தம்பி. சர்ட்டிபிகேட்டெல்லாம் ஊர்லதான் இருக்கா?" ஊரில் இல்லை. கிளம்பும்போதே அவனுடைய அம்மா பையின் அடியில் இரண்டு வேட்டியோடு அவற்றையும் மடித்து வைத்திருந்தாள். எங்கள் மூவருக்கும் முன்பே அந்த அம்மாள் மனசைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள்.

மத்தியானம் அக்கா சொன்னபடி அண்டா நிறையப் பிரியாணி செய்தாள். தானே எதிரில் உட்கார்ந்து அந்தோணிக்குப் போட்டாள். "வேலை நிலைக்கிறவரைக்கும் இங்கயே இரு தம்பி. இவன் கஞ்சித் தொல்லை இல்லாம நிம்மதியா சாப்பிடலாம்" என்றாள். சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் ஹாண்டில்பாரைத் தடவிப் பார்த்தார்.

"மணி எங்க நைனா?"

காதர் நடந்ததைச் சொல்லி, அந்த மணியை மட்டும் விலைக்குக் கேட்டான். "சைக்கிளை எட்த்துக்கினு ஓடினவனை எத்தினியோ தபா பாத்துக்கீறேன். மணிக்காக நிக்கிறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன். எட்த்துக்கினு போ" என்று சொல்லிவிட்டார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் எழும்பூர். அந்தோணி வழியனுப்ப வந்தான். வந்தபோது தூக்கவிடாத பைகளை இப்போது அவனே பிடுங்கித் தூக்கிக்கொண்டான். ஜன்னலோரம் எங்களை உட்கார வைத்துவிட்டு வெளியே நின்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னான். தங்கைக்கு ஏதோ வாங்கிக் கொடுத்தனுப்பினான். அப்புறம் மூவரும் பிளாட்பாரக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கழுதை, இந்த நேரத்திலா ரயில் தாமதமாக வேண்டும் என்று நினைத்தேன். கிளம்பியபோது, இன்னும் கொஞ்சம் நின்றால் என்ன என்று தோன்றியது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நடந்து வந்தான். வண்டி வேகம் எடுக்கவும் கையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய கால்கள். எங்களைப் பார்க்காமல், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, எங்கள் பெட்டிக்குச் சமமாக ஓடிவந்தான். பிளாட்பாரம் முடியப்போகிற சரிவு தெரிந்தது. அவன் நிற்பதாகத் தெரியவில்லை.

"அடிடா" என்றான் காதர்.

மணியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மூன்று தடவை அடித்தேன். அவன் நின்றான். நான்கு வருஷத்தில், மூன்றாவது மணிக்கு அவன் மட்டும் நின்று நாங்கள் நிற்காமல் போனது அன்றைக்குத்தான்.