தாரிணி சீவச் சொன்ன பலகை

கணேசன் அங்கிள் போன் செய்து, "அபி, நம்ம தாரிணி போயிட்டாம்மா" என்றபோது நான் சிரித்தேன். "ஆக்டிங் சூப்பர் அங்கிள். போனை உங்க பொண்ணுகிட்ட குடுங்க" என்றேன். முந்தின மாதம்தான் ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு என்று பொய்ச் செய்தி அனுப்பி, அவளை அமீர்பேட் வரை அலையவிட்டிருந்தேன். பழிக்குப் பழி வரும் என்று காத்திருந்தேன்.  அங்கிளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது மட்டும் கேட்டது. டெங்கு. காய்ச்சல் தொடங்கி ஆறாவது நாள். எங்கள் இருவருக்கும் பதினேழு வயது.

நம் அல்வால் காலனியில் தாரிணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் சத்தத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவள் வீட்டுக் கார் ஷெட்டில் எட்டு மாதம் நாங்கள் கட்டிய சிஎன்சி ரவுட்டர் மேசையின் சத்தம் அது. கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் அதுவே வெட்டித் தரும், தர வேண்டும். பழைய பிரிண்டரில் பிடுங்கிய மோட்டார் மரத்தைப் பார்த்ததுமே மூச்சை விட்டது. ராணிகஞ்சில் கடை கடையாக ஏறி வாங்கிய கம்பிகள் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டன. காலேஜுக்கு மட்டம் போட்டு மேசைக்கு மட்டம் பார்த்தோம். "ஒரு நூல் கோணல்தானே, விடுடீ" என்பேன். "நக்கோ, விடமாட்டேன். அளக்காம வெட்டினா விறகு" என்பாள். சொல்லிவிட்டு, இரண்டு நாள் வேலையை முதல் திருகுவரை கழற்றுவாள். எனக்கு அழுகை வரும்.

தன் அப்பாவின் பெயர்ப்பலகைக்கென்று ஒரு தேக்குத் துண்டு வைத்திருந்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் கம்ப்யூட்டரில் பெயரை மாற்றினேன். 'க' வெட்டும்வரை அவளுக்குச் சந்தேகமில்லை. அடுத்து 'ழு' வளையத் தொடங்கியதும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நிறுத்தும் பட்டன் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, தொடவில்லை. 'கழுதை உள்ளே' முழுதாக வெட்டி முடித்ததும் தூசியை ஊதினாள், என் வீட்டுக்கு வந்து கதவில் ஆணி அடித்து மாட்டினாள். "வெளிய போறப்ப திருப்பி மாட்டு" என்றாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: 'கழுதை வெளியே. சீக்கிரம் வரும்.'

வெட்டும் மரத்துக்கு அடியில் எப்போதும் ஒரு பலகை கிடக்கும். வெட்டு மிஞ்சினால் அது வாங்கிக்கொள்ளும், மேசை தப்பிக்கும். தேக்கு ஒரு ஓரத்தில் மெல்லிசாக இருந்ததால், கடைசி 'ளே' மட்டும் அதைத் துளைத்து அடிப்பலகையிலும் இறங்கிவிட்டது.

சத்தத்துக்கு மன்னிப்பாகக் காலனி ஹாலுக்கு ஒரு கேரம் போர்டு செய்து தருவதாக அவள் கூட்டத்தில் எழுந்து சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு குழிகளையும் வெட்டிவிட்டாள். கோடு போடும் முன் ஒரு வேண்டாத துண்டில் சோதித்தாள். இரு முனைகளிலும் கோடு ஆழமாக விழுந்தது, நடுவில் கோடே இல்லை. அத்தனை வெட்டு வாங்கிய அடிப்பலகை நடுவில் குழிந்திருந்தது. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோதும், "அடிப்பலகையைச் சீவி மட்டம் பண்ணாம போர்டைத் தொட்டுடாதே, கழுதை" என்றாள். "வந்து நீயே சீவு" என்றேன்.

அதன்பின் பதினைந்து நாள் ஷெட் பக்கமே போகவில்லை. சீவினால் அவள் வெட்டிய எல்லாவற்றின் தடமும் தூளாகப் போய்விடும். சீவாவிட்டால் அவள் உங்களுக்குக் கொடுத்த வாக்கு நான்கு ஓட்டையோடு நிற்கும். அவள் அம்மா லலிதா ஆன்ட்டி வேறு, "அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம் கண்ணா. கேட்டா அவ கீழ ஷெட்ல இருக்கான்னு தோணிடும்" என்றிருந்தார்.

போன ஞாயிறு ஆன்ட்டியே சாவியோடு வந்தார். "அவ சொன்னதை முடிச்சுடு. நான் ஷெட்லயே உக்காந்துக்கறேன். அவ இல்லைன்னு கண்ணால பாத்துக்கிட்டே கேட்டா ஏமாற மாட்டேன் இல்ல?"

சாவியை வாங்கிக்கொண்டு போனேன். ஆன்ட்டி அடிப்பலகையைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். கேரம் குழிகளின் நான்கு வட்டம், பெயர் தெரியாத கோடுகள், என் 'ளே'. "இது என்னம்மா?" சொன்னேன். "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். சிரிக்கவில்லை.

மெஷின் போவதும் வருவதுமாக நாற்பது நிமிடம் சீவியது. 'ளே' கடைசியில் போனது. ஆன்ட்டி கண் கொட்டாமல் மேசைக்குப் பக்கத்தில் தாரிணி உட்காரும் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நீங்கள் யாரும் வழக்கம்போல் சத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பால்கனியிலிருந்து கத்தவில்லை. யாராவது கத்தியிருக்கலாம்.

போர்டு இப்போது ஹாலில் இருக்கிறது. கோடுகள் எல்லாம் ஒரே ஆழம். சந்தேகமிருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். அவள் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பாள்.

போனில் கணேசன் அங்கிள் காதில் விழுந்த என் சிரிப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படிப்பார் என்று தெரியும்.

அப்புறம் அந்தத் தேக்குப் பலகை. அடிக்கடி திருப்பியதில் பின்பக்கத்துப் பென்சில் எழுத்து என் கை பட்டே அழிகிறது. 'வரும்' பாதிதான் தெரிகிறது. அதனால் நான் வெளியே போகும்போது இனி திருப்புவதாக இல்லை. கதவில் எந்நேரமும் 'கழுதை உள்ளே' என்றுதான் இருக்கும். தட்டிப் பார்த்து யாரும் வரவில்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.