தொட்டியில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

வேலாயி எனக்குச் சித்தப்பா மகள். அவள் புருஷன் கறுப்பையா தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்தவர். ஆயுத பூசையன்று இஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் அவர் விட்டதே இல்லை. அவர்கள் மகன்தான் கணபதி.

கணபதிக்குக் குண்டசாலைப் பக்கம் வேலை. கட்டடம் முழுக்கக் கம்பியூட்டர்கள், அலுமாரி அலுமாரியாக. அவை காய்ச்சல்காரன் மாதிரிக் கொதிக்குமாம். காற்றாடி போதாதென்று, மருந்து கலந்த தண்ணீரை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டுக் குளிர வைப்பார்கள். அந்தத் தொட்டியும் பம்பும் கணபதியின் பொறுப்பு. கூட வேலை பார்ப்பவன் மடவளை ஊர் மக்கீன்; கணபதி அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவான்.

ஆயுத பூசைக்கு வேலாயி கோயில் மஞ்சள் தண்ணீரைச் செம்பில் கொடுத்தனுப்பினாள். கரண்டு ஓடும் சாமான்மேல் தெளிக்கக் கூடாதென்று கணபதிக்குத் தெரியும். தண்ணீரோடு தண்ணீர்தானே என்று தொட்டி மூடியைத் திறந்து ஊற்றிவிட்டான்.

தீபாவளி கழிந்ததும் கம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சூடேறி நின்றன. யாழ்ப்பாணத்து இஞ்சினியர் சண்முகநாதன் கழற்றிப் பார்த்தால், குழாய்களுக்குள் தலைமயிர் மட்டுமே நுழையும் வழியெல்லாம் மஞ்சள் சேறு அடைத்திருந்தது. கடைசியாக மருந்து கலந்தவன் மக்கீன். மலிவுச் சரக்கைக் கலந்துவிட்டான் என்று, நாளையிலிருந்து வரவேண்டாமென்றார். மக்கீன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

கணபதிக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் தரிப்பிடம் வரை பின்னால் போய் நடந்ததைச் சொன்னான்.

"தெரியும். நீங்க ஊத்தக்கொள்ள நான் பாத்துக்கிட்டுதான் ஈந்தேன்" என்றான் மக்கீன்.

"அப்பவே தடுத்திருக்கலாமே, நானா?"

"உங்கட சாமி வேலைல நான் கைய வச்சா நல்லாவா ஈக்கும்? இப்ப சொன்னா, பாத்துக்கிட்டு ஏன் பேசாம ஈந்தேன்டு கேப்பாங்க. ரெண்டு பேர்ட வேலையும் போகும். ஒரு ஆளாவது மிஞ்சட்டும்."

கணபதி பஸ் ஏறவில்லை. திரும்பிப் போய், ஊற்றியது தான்தான் என்று இஞ்சினியரிடம் சொன்னான்.

"மக்கீன் பாக்கேல்லையோ?" என்று கேட்டார் அவர்.

"இல்லங்க."

மக்கீன் மறுநாள் வேலைக்குப் போனான். கணபதி வீட்டில் இருந்தான்.

ஆள் குறைத்துவிட்டார்கள் என்றுதான் வேலாயியிடம் சொல்லியிருந்தான். சீக்கிரம் வேறு வேலை அமையட்டுமென்று அவள் கோயிலுக்குப் போய், இன்னொரு செம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவன் தலையில் தெளித்தாள். அவன் குனிந்துதான் நின்றான்.