பதின்மூன்றாவது குச்சி

அந்தத் திங்கட்கிழமை காலை, குச்சிக்கட்டு வாய்க்குள் போக மறுத்தது.

பூட்டுக்காரர் முதலில் பதறவில்லை. விழித்த வேளையில் அவர் வாய் எப்போதும் அப்படித்தான். எச்சில் ஊறுவது நின்று இரண்டு வருடமாகிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். ஒரு மிடறு தண்ணீர் விட்டு நனைத்து, உறையிலிருந்து தபால்தலையை உரிப்பதுபோல மெல்ல உரித்தெடுக்க வேண்டும். நாக்கின் அடியில் முளைத்த புற்றுநோயைக் கதிர்வீச்சால் எரித்தார்கள். நோய் போயிற்று. போகும்போது அது வெறுங்கையோடு போகவில்லை. எச்சிலையும் ருசியையும் வாரிக்கொண்டு போயிற்று. இடது கன்னத்துத் தாடியையும் விடவில்லை. பதிலுக்கு இரண்டு காதிலும் ஓயாத ஒரு ரீங்காரத்தைக் குடிவைத்துவிட்டுப் போயிற்று.

தாடையும் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கத்தான் இந்தக் குச்சிகள். ஐஸ் குச்சியைப்போலத் தட்டையானவை, எல்லாம் ஒரே கனம். அடுக்கி ரப்பர் வளையம் மாட்டி, பற்களுக்கு நடுவே செருகிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். ஏழில் தொடங்கிப் பன்னிரண்டு வரை வந்திருந்தார். அங்கேயே எட்டு மாதம் நின்றுவிட்டார்.

"பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு கூட்டணும் சார்" என்றாள், ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்.

"பன்னெண்டு போதும்மா. இதுக்கு மேல திறந்து நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்?" என்று சிரித்து மழுப்பியிருந்தார்.

அந்தப் பன்னிரண்டுதான் இன்று போக மாட்டேன் என்கிறது. எதிரே மனைவி தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தோற்கக் கூடாது என்று கண்ணில் நீர் வர அழுத்தினார். காதுக்குப் பக்கத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். கட்டு உள்ளே போய்விட்டது.

"வலிக்குதாங்க?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. பொய்!

நோய் முதல்முதலில் வந்தபோதும் இப்படித்தானே ஆரம்பித்தது? ஒருநாள் காலையில் வாய் கொஞ்சம் இறுகியது. மறுநாள் இன்னும் கொஞ்சம். ஐயோ, மறுபடியுமா? அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். போனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார்களே! போகவே கூடாது என்று அந்த நிமிடமே தீர்மானித்தார். மனைவியிடம் மூச்சு விடக் கூடாது என்றும்.

மனைவி அடுப்படிக்குப் போனதும் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்குச் சுலபமாகப் போகும். அவளும் பயப்பட மாட்டாள்.

மாடியில் ஒற்றை அறையும் அடுப்படியும்தான் வீடு. கீழே கடை. சாவி அறுக்கும் இயந்திரத்துக்கு அடியில் பித்தளைத் தூள் விழுகிற தகரத் தொட்டி ஒன்று உண்டு. குச்சியை அதில் வீசினார்.

எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, காலையிலேயே மூஞ்சி தொங்குது? ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் திறக்கிறீங்க. உங்க வாய்ப் பூட்டுக்கு ஒரு சாவி போட்டுக்கக் கூடாதா?"

"அந்தப் பூட்டு செஞ்ச கம்பெனியை மூடிட்டாங்கப்பா" என்றார் பூட்டுக்காரர், நனைந்த துணி மூடியதுபோன்ற அந்தப் புதுக்குரலில். தையல்காரர் சிரித்தார். அவரும் சிரித்தார். 

மறுநாள் காலை, பதினோரு குச்சிகள் நேற்றைப் போலவே இறுகின.

இன்னொன்றை உருவினார், தொட்டியில் வீசினார். அதற்கு மறுநாள் பத்துக் குச்சிகள். அதே இறுக்கம். அதே 'டக்'. மூன்று நாளில் இரண்டு குச்சி கனம் வாய் மூடிவிட்டதா? இப்படியே போனால் இன்னும் ஒரு மாதத்தில் சொட்டுத் தண்ணீர்கூட இறங்காதே!

மனைவி அடுப்படியில் இருந்தாள். கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எண்ணினார்.

பதின்மூன்று.

மறுபடி எண்ணினார். பதின்மூன்று. பத்து இருக்க வேண்டிய இடத்தில்! ஜன்னல் வழியாகக் காலை வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு குச்சிமட்டும் மினுமினுத்தது. எடுத்துப் பார்த்தார். மர நாரின் இடுக்கில் பித்தளைத் தூள். ஓரத்தில் அவருடைய கடைவாய்ப்பல் பதிந்த பள்ளம். அவர் தம் கையால் தொட்டியில் வீசிய அதே குச்சி, படி ஏறி மாடிக்கு வந்து, தன் இடத்தில் படுத்துக்கொண்டிருக்கிறது!

 யாரோ பார்ப்பதுபோல இருக்கவே நிமிர்ந்தார்.

பீரோவின் மேலே அந்த முகம் இருந்தது.

கதிர்வீச்சு கொடுத்த நாட்களில் தலை அசையாமலிருக்க அவர் முகத்தின்மேல் அழுத்தி வார்த்த வெள்ளை வலை முகமூடி. சிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் கையோடு கொடுத்தனுப்பிவிட்டார்கள். மனைவிக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இளைப்பதற்கு முந்திய அவருடைய முகம், கண்ணில்லாமல், வாய் மூடியபடி அங்கேயே இருந்தது. அதன்மேல் தற்செயலாகக் கண் பட்டாலும் உடனே விலக்கிக்கொள்வார். நேற்று அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதுமட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

இன்று அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் குச்சியை நீ தொட்டியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எந்தக் குச்சி? எனக்கு அடுப்படியில வேலையே தலைக்கு மேல கிடக்கு. நீங்க வேற" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். முப்பது வருடத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. எனவே நம்பினார். நம்பியதால் பயம் இரண்டு மடங்காயிற்று.

பூட்டுக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? அன்று பன்னிரண்டு குச்சிகளைத் திரும்பத் திரும்ப எண்ணித் தகரப்பெட்டியில் வைத்தார். மீதி ஒன்றை ஒடித்து ஜன்னல் வழியே எறிந்தார். கடையிலேயே கெட்டியான பூட்டை எடுத்துவந்து பெட்டியில் மாட்டினார். அதற்கு ஒரே சாவி. அதைக் குளிக்கும்போதும் கழற்றாத அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை இரண்டு நாளும் பெட்டியைத் திறந்தபோது பன்னிரண்டுதான். சுலபமாகவே போயிற்று, ஆனால் முதல் நாள் பிடித்த பயம் போகவில்லை. சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார்.

பதின்மூன்று.

முகமூடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பயிற்சி செய்யவில்லை. கஞ்சியைத் தொடவில்லை. "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று அவள் பின்னாலேயே வந்தது காதில் விழுந்ததோ இல்லையோ, பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு கீழே இறங்கினார். பேயோ பிசாசோ, எதுவானாலும் பூட்டைத் திறந்துதானே உள்ளே போயிருக்க வேண்டும்? விளக்கைப் போட்டுப் பூதக்கண்ணாடியைச் சாவித் துவாரத்தின்மேல் பிடித்தார்.

துவாரத்தின் ஓரத்தில் மயிரிழைபோல மூன்று கீறல்கள். கம்பி விட்டு நெம்பிய தடம். ஆயிரம் பூட்டுகளில் அவர் பார்த்த தடம்தான். ஆனால் வலதுகைக்காரன் நெம்பினால் கீறல் வலப்பக்கம் சாயும்.

இவை மூன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

பூதக்கண்ணாடி கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் அழுதுகொண்டு நின்ற ஒரு சின்னப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் இடதுகையில் கம்பியைக் கொடுத்து, "கண்ணை மூடிக்கோ. காதால திற" என்று சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். இன்று இந்தப் பெட்டிப் பூட்டை அவராலேயே கம்பியால் திறக்க முடியாது. பூட்டுக்குள் பித்தளை ஊசிகள் ஒவ்வொன்றாக விழுகிற அந்த நூலிழைச் சத்தம் காது ரீங்காரத்தில் மூழ்கிப்போகும். அவள் காதுக்குமட்டும்தான் கேட்கும்!

படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் கையில் பூட்டு. அதைக் கண்டு அவள் முகம் வெளுத்துவிட்டது.

"காதால திறந்தியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அவள் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுதாங்க சொன்னா. அவர் தாடை குச்சி கூட்டினா திறக்கும்மா, மனசுதான் மாட்டேங்குதுன்னு. எண்ணிக்கை தெரிஞ்சா பயப்படுவார், தெரியாம ஒண்ணு சேர்த்துடுங்கன்னா. திங்கக்கிழமை சேர்த்தேன். பாவி மனுஷன், நீங்க தினம் ஒண்ணைத் தூக்கித் தொட்டியில போட்டா நான் என்ன செய்வேன்? தொட்டியைக் கொட்டுறது நான்தானே? கழுவி, மிச்சக் குச்சியோட ஒளிச்சு வச்சு, மறுநாள் காலையில சேர்த்தேன்."

"அதே குச்சியையா?"

"அந்தப் பொண்ணு கொடுத்தது எண்ணி நாலுதானே, வீணாக்க முடியுமா! வெள்ளிக்கிழமை வரைக்கும் பூட்டைத் தொட எனக்கே தைரியம் வரல. அப்புறம் நீங்க குளிக்கிற நேரத்துல..."

"மிச்சக் குச்சியை எங்க வச்சிருக்க?"

அவள் கண் மாடிப் பக்கம் போயிற்று. அவரே மாடி ஏறினார். முக்காலியைப் போட்டார். இரண்டு வருடமாகத் தொடாத அந்த முகத்தை இரண்டு கையாலும் தூக்கினார். உட்புறம், அவருடைய வாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியில் சுற்றிய குச்சிகள். ஜன்னல் வழியே எறிந்ததன் இரண்டு துண்டுகளும்கூட அதில் இருந்தன.

"அதை மட்டும் நீங்க தொட மாட்டீங்கன்னு தெரியும்" என்றாள் அவள், பின்னாலிருந்து.

"வாய் மூடிக்குதுன்னு நினைச்சேன்டி" என்றார் அவர்.  "திரும்ப வந்துடுச்சுன்னு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கே போகக் கூடாதுன்னு..."

 நல்லது செய்கிறோம் என்று நினைத்து இந்த மனிதரை எந்தக் குழிக்குள் தள்ளியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் தோளைப் பற்றிக் குலுக்கினாள்.

"மூடலீங்க! திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் பதிமூணு போச்சு. என் கண்ணால பார்த்தேன். மூடல, திறந்திருக்கு!"

இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதார்கள் என்பது அந்த முகத்துக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை போனார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். நோய் இல்லை. "வறட்சியும் காதுச் சத்தமும் கூடவே இருக்கும், பழகிக்கணும்" என்றார் மருத்துவர். பூட்டுக்காரர் வழி நெடுக மிடறு மிடறாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே வீடு வந்தார்.

அதற்கடுத்த வாரம், ஒரு காலை. குச்சிக்கட்டு இறுகியது. நேற்று இப்படி இல்லையே! மனைவி டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, மிகுந்த அக்கறையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பீரோவின் மேலே பார்த்தார். நேற்று ஜன்னலைப் பார்த்திருந்த முகம், இன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் எண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.