ரேமோ கீகாக்ஸின் ஆறு வாட்

ரேமோ கீகாக்ஸ், வெரேனா லோஸ்லிக்கு ஆயிரத்து இருநூறு பிராங்க் கடன்பட்டிருந்தான். மோட்டாருக்காக அவளிடம் மிளகுப் பருமனுள்ள பேரிங்குகள் வாங்கிய கடன்.

கடிகாரத் தொழில் படுத்தபோது சுவிட்சர்லாந்தின் பீல் ஊரில் பலர் குட்டி மோட்டாருக்கு மாறினார்கள். உழைத்தவன் பிழைத்தான். ரேமோ அப்பன் விட்டுப்போன பட்டறையில் உட்கார்ந்துகொண்டு, பல் வைத்தியரின் துளைகருவிக்குள் நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் மோட்டார் செய்தான். கை சுமார்; வாய் பிரமாதம். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கடைசல் மெஷினில் நின்று முன்னுக்கு வந்த வெரேனாவுக்கு அந்த வாயைக் கண்டாலே குமட்டும்.

மோட்டாரில் வீணாகும் மின்சாரமெல்லாம் சூடாகத்தான் வெளியேறும். அதை அளக்க ரேமோ ஒரு தெர்மாகோல் பெட்டி வைத்திருந்தான். எவ்வளவு சூட்டுக்கு எத்தனை வாட் என்று முதலில் ஒரு ஹீட்டரை உள்ளே வைத்துக் குறித்துக்கொண்டான். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, பெட்டி எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பான். இழப்பு ஆறு வாட் என்றான். வாங்க வந்த கம்பெனியின் ழானெரே அம்மாளோ செம்புச் சுருள், இரும்பு, காற்றின் உரசல் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுப் பதினொன்று என்றாள்.

“காகிதத்துல மோட்டார் ஓடாது மேடம்,” என்று இளித்தான். ஆறு வாட் மோட்டாருக்கு இரட்டை விலை சொல்லியிருந்தான்.

அளந்து காட்டச் சொல்லி அவள் நேரில் வந்தாள். பிப்ரவரி மாதம். வெரேனாவும் வந்து மூலையில் உட்கார்ந்தாள். விற்றால்தான் அவள் பணம் வரும்.

ரேமோ மோட்டாரை ஓடவிட்டு, வழக்கம்போல ஜன்னல்களை விரியத் திறந்தான். காலையில் அறைக்குக் காற்று மாற்றாவிட்டால் பீல்காரனுக்குப் பொழுது விடியாது.

“ஐயோ, ரெண்டு பக்கமும் காத்து அடிக்குது, கழுத்து பிடிச்சுக்கும்,” என்று ழானெரே எழுந்துபோய்ச் சாத்தினாள்.

“மேடம், நாத்தம் போகணுமே!”

“நாத்தம் இருக்கட்டும்.”

பெட்டி காட்டிய வாட் எண் ஏறியது. ஏழு, ஒன்பது. பதினொன்றில் நின்றது.

“பெட்டிக்குள்ள ஹீட்டர் வச்சு அளவு சரிபார்த்தீங்களே, அப்ப ஜன்னல்?” என்று கேட்டாள் ழானெரே.

“அது சாயங்காலம்... சாத்தியிருந்துச்சு.”

“மோட்டாரை அளந்தது?”

“காலையில.”

வெரேனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாதி சூட்டை ஏரிக்கரைக்கு அனுப்பிட்டு ஆறு வாட்டாம்! இன்னொரு ஜன்னல் இருந்தா மோட்டார் கரண்டே தின்னாதேடா, ரேமோ?”

“வெளியில குளிரு அப்படி. நான் என்ன பண்ண?” என்றான். வெட்கம் என்பது அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை.

ழானெரே கோட்டை மாட்டினாள். வெரேனாவின் சிரிப்பு நின்றது. போச்சு பணம் என்று நினைத்தாள்.

“இருபது மோட்டார் எடுத்துக்கறேன், பாதி விலைக்கு,” என்றாள் ழானெரே. “ஆறுன்னு நம்பி கருவியில போட்டிருந்தா டாக்டர் கை வெந்திருக்கும். பதினொண்ணுன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி உறை செஞ்சுக்கலாம்.”

ரேமோ பேரம் பேச வாயைத் திறந்தான். வெரேனா முறைத்தாள். மூடிக்கொண்டான்.

பணம் வந்த அன்றே வெரேனா அவன் பட்டறைக்குப் போய் நின்றாள்.

“பேங்குல போட்டுவிடறேனே, வெரேனா.”

“நீ போடுவே, அது வழியில காத்து வாங்கப் போயிடும். கையில வை.”

அவள் உள்ளங்கையை நீட்டினாள். இருநூறு பிராங்க் நோட்டுகளை அவன் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் முகத்தோடு ஒவ்வொன்றாக வைத்தான். ஐந்தோடு கை நின்றது. அவள் விரல்களை மடக்கவில்லை. ஆறாவதும் வந்து விழுந்தது.