தங்கை விட்ட மைனஸ்

என் தங்கை மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்லிங்கில் இருக்கும் சித்தி இதை எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டார்.

மலேசியாவில், எங்கள் செரண்டா வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்து, வேலை முடிந்த நேரங்களில் நாங்கள் இருவரும் ஒரே டிபக்கருக்கு கோட் எழுதினோம். ஒரு புரோகிராம் செத்து விழுந்தால் எந்த வரியில் விழுந்தது என்று காட்டும் கருவி அது. பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், ஆனால் இன்னொருவர் அதைப் படித்து எல்லாருக்கும் தெரியும்படி கருத்துச் சொன்ன பிறகே சேர்ப்பார்கள். யாரையும் கேட்காமல் நேராகத் திருத்தும் உரிமை சிலருக்குத்தான் உண்டு. அதில் ஓர் இடம் காலியானது. எனக்கு அது வேண்டும் என்றிருந்தது. இந்த வேலையில் முதலில் இறங்கியவள் நான், அவளை இழுத்து வந்தவளும் நான்தான்.

அப்போது டிபக்கர் பெரிய கோப்புகளில் தடுமாறிக்கொண்டிருந்தது. கோப்பில் எந்த இடத்தைப் படிக்கிறோம் என்பதை 32 பிட் எண்ணில் வைத்திருந்தார்கள். இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டினால் அது போதாது, எண் மைனஸுக்குப் புரண்டுவிடும். 'லாங்' என்ற எண் வகைக்கு மாற்றினால் என் லினக்ஸில் சரியாகும், விண்டோஸில் பழைய கதைதான். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுதி அனுப்பியே விட்டாள். எல்லா இடத்திலும் 64 பிட், அதுவும் மைனஸே இல்லாத வகை. கோப்பில் பூஜ்யத்துக்குக் கீழே இடம் ஏது என்பது அவள் வாதம்.

பாராட்டு குவிந்தது. சின்னவள் வெள்ளைக்காரர்களுக்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து கொடுக்கிறாள் என்று அம்மா சித்தியிடம் போனில் சொன்னார். பெரியவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுடைய திருத்தத்தைப் படித்துப் பார்க்கும்படி டிபக்கர் குழுவின் பொறுப்பாளர் என்னையே கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சனிக்கிழமை அம்மாவும் அவளும் செகிஞ்சானுக்கு மீன் வாங்கப் புறப்பட்டார்கள். தலைவலி என்று சொல்லி நான் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

ஒரு வரி விடாமல் படித்தேன். கிடைத்தது. கோப்பைப் படிக்க முடியாமல் போனால் அங்கே மைனஸ் ஒன்று என்ற எண் திரும்பி வரும். மைனஸே இல்லாத வகையில் அதைப் போட்டால் அது ஒரு ராட்சத எண்ணாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வாயே திறக்காது. டிபக்கர் இல்லாத ஓர் இடத்தைத் தேடிக்கொண்டு போகும்.

அவள் வந்ததும் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கும் இடத்தில், உதாரணத்தோடு, 'இது அடிப்படை' என்ற சொல்லையும் சேர்த்து எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் நின்றபடியே படித்தாள். முகம் மாறவில்லை. அக்கா சொல்வது சரி, என் கவனக்குறைவு என்று அங்கேயே பதில் எழுதினாள். மைனஸ் வைக்கக்கூடிய 64 பிட்டுக்கு மாற்றினாள். படிக்க முடியாத கோப்புக்கும் ஒரு சோதனை எழுதிச் சேர்த்தாள்.

அடுத்த வாரம் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். ஊரறியக் குறை சொன்னாலும் கோபப்படாமல் திருத்துகிறவர்தான் வேண்டும் என்று பொறுப்பாளர் காரணமும் எழுதியிருந்தார். அவளுக்கு நான் தோண்டிய குழியில் அவர்கள் அவளுக்கே மேடை கட்டிவிட்டார்கள்.

அம்மா பாயசம் வைத்தார். தங்கை தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வேற யாரும் என் கோட இப்படி ஒரு வரி விடாம படிக்க மாட்டாங்க லா. இனிமே நான் எழுதுறத எல்லாம் நீயே பாரு."

சரி என்றேன். இன்றுவரை பார்க்கிறேன். ஒரு தப்பும் கிடைக்காத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.